‘இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்தவை: வீட்டு அடைசலைக் கழிப்பதில் மனம் நிறைவது ஏன்?

குப்பை வேறு, அடைசல் வேறு. இந்த வேறுபாட்டை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொண்டால், வீட்டிலிருந்து வேண்டாத பொருள்களை வெளியேற்றிய மாலையில் மனத்தில் ஏற்படும் நிறைவு எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்வது எளிதாகும். வாழைப்பழத் தோல் குப்பை. அதை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை, கை தானாக அதை வெளியே போட்டுவிடுகிறது. மோட்டார் எரிந்துபோன கிரைண்டர் அப்படியல்ல. அதைச் சரிசெய்யலாமா, விற்றுவிடலாமா, கல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா, சொந்தத்தில் யாருக்காவது கொடுக்கலாமா என்று நான்கு கேள்விகள் எழுகின்றன. நான்குக்கும் அப்போது விடை காண நேரமில்லாததால் அது வீட்டின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. ஆக, முடிவு செய்யப்பட்ட பொருள் குப்பை. முடிவு செய்யப்படாமல் எடுத்து வைக்கப்பட்ட பொருள் அடைசல்.

திருநெல்வேலிப் பேச்சில் ‘சோலி’ என்று ஒரு சொல் புழங்குகிறது. வேலை என்றும் பொருள்படும், விவகாரம் என்றும் பொருள்படும். “சோலி முடிஞ்சுது” என்று ஒருவர் சொன்னால், வேலை முடிந்தது என்பதோடு, இனி அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அடைசல் என்பது முடியாத சோலிகளின் தொகுப்பு என்று கொண்டால், அதைக் கழிக்கும்போது நாம் வெளியே அனுப்புவது பொருளை மட்டுமன்று என்பது புலப்படும்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய பழைய வளவு வீடுகளை, அதாவது ஒரே வாசலுக்குள் பல வீடுகள் சேர்ந்தவற்றை, பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரிந்திருக்கும். தார்சா என்னும் முன்பகுதி, பட்டாசல் என்னும் கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, அங்கணம் என்று இரயில் பெட்டியைப் போல நீளவாக்கில் செல்லும் அந்த வீடுகளில், வெளிச்சம் அதிகம் எட்டாத ஓர் உள்ளறைக்கு அரங்கு என்று பெயர். நெல்லும் புளியும் பித்தளைப் பாத்திரங்களும் பத்திரமாக இருப்பதற்கென்று கட்டப்பட்ட அறை அது. வயலிலிருந்து நெல் வருவது பல வீடுகளில் நின்று வெகுகாலமாகிவிட்டது. ஆனால் அரங்கு காலியாக இருக்கவில்லை. எங்கள் வீட்டு அரங்கை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் கடைசியில் ஒழித்தபோது அதிலிருந்து வெளிவந்தவற்றைச் சொன்னால், பல வீட்டு அரங்குகளின் கணக்கும் அதுவாகவே இருக்கும்: 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, 2011இல் தொடங்கிய திட்டத்தின் மிக்ஸியும் மின்விசிறியும், அவற்றின் அட்டைப்பெட்டிகள் தனியே, அல்வா வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு சாக்கு நிறைய, கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள், ஜவுளிக் கடைக் கட்டைப்பைகள், கைப்பிடி கழன்ற குக்கர், பூட்டு இல்லாத சாவிகள், சாவி இல்லாத பூட்டுகள்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டியபோது அம்மா சொன்னது ஒன்றே: “இருக்கட்டும்ல, எதுக்காவது ஆவும்.”

இந்த ‘இருக்கட்டும்’ என்ற சொல்லை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. அதில் ஒரு காலத்து நியாயம் இருக்கிறது. முந்தைய தலைமுறை வாழ்ந்த தெருவில் எந்தப் பொருளும் பழுதானதனால் மட்டும் செத்துப்போய்விடவில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்து தெருமுனையில் உட்காருவார். புளி சேர்த்த குழம்பும் ரசமும் வெறும் பித்தளையில் பட்டால் களிம்பேறும் என்பதால், உள்பக்கம் ஈயம் தேய்ந்த பாத்திரங்களை எல்லா வீடுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டு போவார்கள். அம்மி கொத்துகிறவர் வருவார், குடை ரிப்பேர் செய்கிறவர் வருவார், கட்டிலுக்கு நாடா பின்னுகிறவர் வருவார். ஆகையால் பழுதான பொருளை எடுத்து வைப்பது சோம்பலன்று; வரப்போகிற ஒருவருக்காகக் காத்திருப்பது. அந்த நபர் உண்மையிலேயே வந்தார் என்பதுதான் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் தந்தது. இன்று அவர் வருவதில்லை. மிக்ஸியின் உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலியோடு சேர்த்தால் புதிய மிக்ஸியின் விலையை நெருங்கிவிடுகிறது. வருகிறவர் நின்றுபோனார், காத்திருக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. நம்முடைய அடைசலில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் சேர்ந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது சுவரைச் சேர்ந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஓராண்டுக்குள் உதிர்ந்து மங்கிவிடும் என்பதால், பொங்கலுக்கு முன் வீடு முழுவதும் வெள்ளையடிப்பது இந்தப் பக்கத்தில் தவறாத வழக்கமாக இருந்தது. சென்னைப் பக்கத்தைப் போலப் போகியன்று தெருவில் பழையதை எரிக்கும் வழக்கம் இங்கே அவ்வளவாக வேரூன்றவில்லை. ஆனால் வெள்ளையடிப்பு அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. மட்டை பிடிப்பதற்கு முன் அரங்கையும் பரணையும் ஒழித்து, சாமான்கள் அனைத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து பரப்பியாக வேண்டும். வேலை முடிந்தபின் ஒவ்வொன்றையும் துடைத்து உள்ளே எடுத்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் யாராவது ஒருவருடைய கையால் தூக்கப்பட்டது, தூக்கியவர், “இது இன்னுமா கெடக்கு?” என்று கேட்டே தீருவார். பின்னர் எமல்ஷன் பெயிண்ட் வந்தது. சுவர் பல ஆண்டுகளுக்கு மங்காமல் இருந்தது. அந்தக் கேள்வியும் பல ஆண்டுகளுக்குக் கேட்கப்படாமலேயே போனது. பெயிண்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பொருள்களை ஆராய்வதற்கென்று தனியாக நாள் குறிக்காமலே நம்மவர்கள் அதைச் செய்துவந்தார்கள், இப்போது நாள் குறித்தால்தான் நடக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி, மனத்தின் பக்கம் வருவோம். தேவையில்லை என்று தெரிந்தும் ஒரு பொருளை விட முடியாமற்போவதை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய முடிவுகளில் இரண்டு நம்முடைய அரங்குக்கு நேராகப் பொருந்துகின்றன.

முதலாவது உடைமை விளைவு. ஒரு பொருள் நம்முடையது ஆனவுடனே, அது நம்முடையது என்ற ஒரே காரணத்தால், அதன் மதிப்பு நம் கண்ணில் கூடிவிடுகிறது. ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1980இல் இதற்குப் பெயரிட்டார். 1990இல் அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் குவளை கொடுக்கப்பட்டது, மறுபாதிக்குக் கொடுக்கப்படவில்லை. பிறகு விற்கவும் வாங்கவும் விடப்பட்டனர். குவளை இல்லாதவர்கள் அதற்குத் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை, குவளை வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் அந்தக் குவளையை வைத்திருந்ததோ மிகச் சிறிது நேரம். அதில் ஒருவாய் காபிகூடக் குடித்திருக்கவில்லை. அப்படியிருக்க, தாய்வீட்டுச் சீராக வந்து நாற்பது ஆண்டுகள் அடுக்களையில் புழங்கிய தவலையை எடைக்குப் போடச் சொன்னால் ஒருவருடைய மனம் எப்படி ஒப்பும்?

இரண்டாவது, நம்முடைய பேச்சிலேயே தெளிவாக இருக்கிறது: “போட்ட காசு வீணாகுமே.” செலவழித்த பணம் திரும்பாது, பொருளை வைத்திருந்தாலும் திரும்பாது, கழித்தாலும் திரும்பாது. இருந்தாலும், வைத்திருக்கும்வரை அது வீணாகவில்லை என்பதுபோல் ஒரு தோற்றம் இருக்கிறது. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் இதைச் சோதித்தார்கள். ஒரு பருவத்து நாடகங்கள் அனைத்துக்குமான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், வேறு சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் பருவத்தின் முதற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போட்ட காசு அவர்களை இழுத்துவந்தது. நம் வீடுகளில் அது யாரையும் எங்கும் இழுத்துச் செல்வதில்லை. பயன்படாத உடற்பயிற்சி சைக்கிளின் மேல் துண்டு காயப்போடச் செய்கிறது, அவ்வளவே.

இவ்வாறு தங்கிவிட்ட பொருள்கள் சும்மா இருக்கின்றனவா? இல்லை. பல பொருள்கள் ஒரே நேரத்தில் கண்முன் இருந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கே கவனம் செலவாகிறது. அந்த ஆய்வுகள் மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு எளிய உருவங்களைக் காட்டிச் செய்யப்பட்டவை, யாருடைய அடுக்களையிலும் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டுக்கு நெருக்கமானது இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் 30 குடும்பங்களை வைத்து, டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி இருவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவரவர் வீட்டை அவரவரே சுற்றிக்காட்டிப் பேசும்படி கேட்டு, அந்தப் பேச்சில் என்ன சொற்கள் வந்தன என்று பார்த்தார்கள். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பின் அளவையும் சில நாள்கள் எடுத்தார்கள். கார்ட்டிசால் காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்றாகத் தாழ்வது இயல்பு. தம் வீட்டைப் பற்றி அடைசல் என்றும், முடிக்கப்படாத வேலை என்றும் பொருள்படும் சொற்களை அதிகம் சொன்ன பெண்களிடம் அந்தத் தாழ்வு குறைவாக இருந்தது. அடைசல்தான் காரணம் என்று இதைக் கொண்டு அறுதியிட முடியாது. களைத்துப்போனவர் கண்ணுக்கு வீடு அடைசலாகத் தெரியவும் கூடும். ஆனால் அடைசலைக் குறிக்கும் சொற்களோடு, முடிக்கப்படாததைக் குறிக்கும் சொற்களையும் அவர்கள் சேர்த்தே எண்ணினார்கள் என்பது என் கவனத்தை ஈர்த்தது. முடியாத சோலி என்று டவுனில் சொல்வதை அவர்கள் வேறொரு மொழியில் எண்ணியிருக்கிறார்கள்.

அப்படியானால், அடைசலைக் கழித்தபின் வரும் நிறைவு காலியிடத்தைப் பார்ப்பதால் வருவதா? அப்படித்தான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த நாள்களில், தாமிரபரணி கரைமீறி, திருநெல்வேலியின் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சந்திப்புப் பகுதிகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தெருவெங்கும் மெத்தைகளும் பீரோக்களும் பாடப் புத்தகங்களும் சேற்றோடு குவிந்து கிடந்தன. பல வீடுகள் ஒரே இரவில் முழுவதும் காலியாயின. கழுவித் துடைத்த வெறும் தரையையும் வெறும் சுவரையும் பார்த்து அந்த வீடுகளில் யாரும் நிறைவு கொள்ளவில்லை. வேண்டாத பொருள்களும் அந்த வெள்ளத்தில் போயிருக்கும். அவை போனதற்காகக்கூட யாரும் ஆறுதல் அடைந்ததாக நான் கேள்விப்படவில்லை. நிறைவு தருவது வெறுமை அன்று. இதை வைத்துக்கொள்கிறேன், இதை விட்டுவிடுகிறேன் என்று தானே முடிவெடுத்ததில்தான் அது இருக்கிறது. அந்த முடிவை வெள்ளம் எடுத்தாலும் சரி, வீட்டிலுள்ள வேறொருவர் எடுத்தாலும் சரி, பொருளுக்கு உரியவருக்கு மிஞ்சுவது இழப்பு மட்டுமே.

இதிலிருந்து தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறை பிறக்கிறது: பிறர் பொருளில் கை வைக்காதீர்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்து, ஒரே நாளில் பெற்றோரின் பரணை ஒழித்துவிட்டு, சுத்தம் செய்துகொடுத்த மகிழ்ச்சியோடு இரயில் ஏறிவிடுவது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. நிறைவு முழுவதும் பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. பெற்றோருக்கு மிஞ்சுவது, எதையோ தேடும்போது அது இல்லை என்று அறியும் தவிப்பு. வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானைச் சேர்ந்த மரி கோண்டோ, பொருளைக் கையில் எடுத்து அது மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி உலகப் புகழ் பெற்றார். நல்ல கேள்விதான். ஆனால் யாரைக் கேட்பது? ஆச்சி பெயர் வெட்டிய கும்பா அம்மாவுக்கு வந்தது, அண்ணனுக்குப் பங்கு உண்டு, தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பாத்திரத்துக்கு நான்கு மனம் இருக்கும் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைப்பதில்லை. மூன்றாவது குழந்தை பிறந்தபின் வீடு முன்போல் ஒழுங்காக இல்லை என்று அவரே 2023இல் வெளிப்படையாகச் சொன்னது, அவர்மேல் எனக்கிருந்த மதிப்பை உயர்த்தியது.

விட முடியாத பொருள்களுக்கு இந்தப் பக்கத்தில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்து, பட்டுபோல் நெய்யப்படும் அந்தப் பாயில் மணமக்களின் பெயரை நெய்து கொடுப்பது வழக்கம். வேறு எந்தப் பொருளையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். வேறிருவர் பெயர் உள்ள கல்யாணப் பாயை யார் வாங்கிக்கொள்வார்கள்? ஓரம் பிரிந்து, பூச்சி அரித்து, சுருட்டியபடி ஒரு மூலையில் நிற்கும் அந்தப் பாயை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டால், வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வைத்துக்கொள்வதும் ஒரு முடிவு. பெயருள்ள பகுதியை மட்டும் கத்தரித்துச் சட்டமிட்டுப் பட்டாசலில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் அது அடைசல் இல்லை. ஒரு பொருளைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்கும், விடத் தெரியாமல் வைத்திருப்பதற்கும் இடையே உள்ள தூரம், அரங்கு மூலைக்கும் பட்டாசல் சுவருக்கும் இடையே உள்ள தூரம்தான்.

எங்கே தொடங்குவது என்பதற்கு நீண்ட விதிமுறைகள் தேவையில்லை. ஒரு தட்டு, அல்லது ஒரு பெட்டி. காலையில் எடுத்து மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற அளவு. உணர்ச்சி கலக்காத பொருள்களிலிருந்து தொடங்குவது நல்லது. காலாவதியான மாத்திரைகள், உறைந்த பேனாக்கள், மூடி இல்லாத டப்பாக்கள் ஆகியவற்றில் கை பழகிய பிறகு புடைவைகளுக்கும் புகைப்படங்களுக்கும் வரலாம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பழைய தீர்வை ரசீது போன்ற காகிதங்களை அவசரத்தில் கழிக்கக் கூடாது. நிலத் தகராறு எந்தத் தலைமுறையில் முளைக்கும் என்று நம் ஊரில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வெளியே கிடக்கும் அடைசலை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். புறவாசலில் மழைநீர் தேங்கும் பழைய டயரும் உடைந்த குடமும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு அதற்கு ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். கடையநல்லூர் வட்டாரம் இன்னும் நெல்லை மாவட்டத்தில் இருந்த 2012இல் டெங்கு என்ன பாடுபடுத்தியது என்பதை மறந்திருக்க மாட்டோம்.

எங்கள் வீட்டில் உதவிய உத்தி ஒன்றே. ‘இருக்கட்டும்’ என்ற சொல்லை நாங்கள் தடை செய்யவில்லை. அதற்கு ஒரு தேதி வைத்தோம். முடிவு செய்ய முடியாத ஒவ்வொரு பொருளின்மேலும் ஒரு சீட்டை ஒட்டி, அம்மா கையாலேயே ஒரு மாதத்தின் பெயரை எழுதச் சொன்னோம். ‘பங்குனி வரை’ என்றால், சாஸ்தா கோயிலுக்குப் போகும் பங்குனி உத்திரத்துக்குள் அது ஒருமுறையாவது புழங்கியிருக்க வேண்டும். குக்கர் புழங்கவில்லை, போயிற்று. உள்பக்கம் ஈயம் போன உருளிக்கு, விசாரித்துத் தேடியதில், ஈயம் பூசுகிறவர் ஒருவர் கிடைத்தார். அது அந்தப் பங்குனி உத்திரத்துக்கே பொங்கல் வைக்க வந்தது. ‘எதுக்காவது ஆவும்’ என்ற சொல் சில பொருள்களில் உண்மையாகிவிடும் என்பதையும், எவற்றில் உண்மையாகும் என்பது தேதி வைத்த பிறகுதான் தெரியும் என்பதையும் அந்த உருளி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

வீட்டைவிட்டு வெளியேறிய பொருள் எங்கே போகிறது என்பதும் நிறைவின் ஒரு பகுதியே. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாபநாசத்தில் தாமிரபரணியில் குளித்துவிட்டு, உடுத்திருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவந்தால் தோஷம் கழியும் என்ற நம்பிக்கையில் ஆண்டு முழுவதும் மக்கள் துணிகளை விட்டுச் செல்கிறார்கள். விடுகிறவருக்குப் பாரம் இறங்கிய உணர்வு உண்மையாகவே கிடைக்கலாம். ஆனால் அந்தத் துணிகள் பாறையிடுக்குகளில் சிக்கி அழுகுகின்றன; தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக வெளியே எடுக்கிறார்கள்; திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது அந்தத் தண்ணீரையே. ஒருவருடைய வீட்டிலிருந்து இறங்கிய பாரம் ஆற்றின்மேல் ஏறிக்கொள்கிறது. இராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு கோடையில் தீப்பற்றிப் புகையும் நாள்களில், சங்கரன்கோவில் சாலைப் பக்கம் வசிப்பவர்கள் சன்னலைச் சாத்திக்கொள்வதும் அதன் இன்னொரு முகம்தான். அந்தப் பழைய வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாயில், பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் அன்று, நச்சான காரீயம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதை உடைத்துச் செம்புக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஓடையில் தள்ளும் இடத்துக்கு அனுப்புவதைவிட, மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் உரிமம் பெற்றவர்களிடம் சேர்க்கச் சற்று அலைவது மேல். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தியாளர்கள்மேல் அந்தப் பொறுப்பைச் சுமத்தியிருக்கின்றன.

நல்ல நிலையில் உள்ளவற்றுக்கு வழிகள் அதிகம். 2017இல் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பகுதியில் ‘அன்புச் சுவர்’ என்ற பெயரில், தேவையில்லாததை வைத்துவிட்டுப் போகவும் தேவையானவர் எடுத்துக்கொள்ளவும் ஓர் இடம் ஏற்படுத்தப்பட்டது. அந்த எண்ணத்தை ஒரு வளவுக்குள் ஒரு பெஞ்சைப் போட்டுக்கூட நடத்திவிடலாம். யாரோ ஒருவர் எடுத்துப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது, போட்ட காசு வீணாகவில்லை என்று மனம் தானாக ஒப்புக்கொள்கிறது. எடைக்குப் போட்டுக் கிடைக்கும் பணம் அந்த அளவுக்கு ஒப்பவைப்பதில்லை. இரும்பும் காகிதமும் பழைய இரும்புக் கடைக்குத்தான். காயலான் கடை என்று தமிழகம் முழுவதும் வழங்கும் பெயர் நம்முடைய காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்று சொல்வோர் உண்டு. அப்படியானால் இந்தத் தொழிலில் நம் பக்கத்துக்கு மூத்த உரிமை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எதையும் விடவே முடியாமல், விடச் சொன்னாலே நடுக்கமும் கண்ணீருமாக, படுக்கவும் சமைக்கவும் இடமின்றி வீடு நிறைந்துபோனால் அது வெறும் அடைசல் இல்லை. பதுக்கல் கோளாறு என்று 2013 முதல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் தனி நோயாகவே அது இடம்பெற்றிருக்கிறது. அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவரே. பிள்ளைகள் சேர்ந்து பரணை ஒழிப்பது அங்கே நிலைமையை மோசமாக்கும்.

மற்றவர்களுக்கு இருக்கும் சிக்கல் சிறியது: நிறைவு நெடுநாள் நிற்பதில்லை. ஒழித்த முதல் வாரத்தில் அரங்குக் கதவைக் காரணமில்லாமல் திறந்து பார்ப்போம். விளக்கைப் போட்டு, பின்சுவரில் இத்தனை நாளும் மறைந்திருந்த மாடாக்குழியைப் பார்த்துவிட்டு அணைப்போம். ஒரு மாதத்தில் கண் அதற்குப் பழகிவிடும்; காலியான தட்டு இயல்பான தட்டாகிவிடும்; ஆடித் தள்ளுபடியும் வந்துவிடும். அடைசலை ஒழுங்காக அடுக்குவதற்கென்று பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கி வருவது இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு. பெட்டிக்குள் போனதும் முடியாத சோலிதான், மூடி மட்டும் புதிது.

அரங்கை ஒழித்து ஒரு மாதம் கழித்து, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி எங்கள் வளவுக்கு வந்தார். ‘தை வரை’ என்று சீட்டு ஒட்டிய புடைவைகள் ஒரு மூட்டை இருந்தது. தார்சாவில் உட்கார்ந்து அம்மாவும் அவரும் அரைமணி நேரம் பேரம் பேசினார்கள். இரண்டு பேருக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. மூட்டை போயிற்று, பதிலுக்கு, எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கும் அளவில், ஓர் எவர்சில்வர் பேசின் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அரங்கு விளக்கைப் போட்டபோது, காலியாக இருந்த தட்டின் நடுவில் அது மினுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘ஆனி வரை’.